விமானம் ஏறிய சீட்டு

ஒன்பது பத்துக்கு வந்த போனை வைத்துவிட்டுச் சின்னவள் கடிகாரத்தைப் பார்த்தாள். மாலை நாலு மணிக்கு வருவதாக இருந்த மூணுகடைக்காரர், காலை பத்துக்கே வந்துவிடுகிறாராம். மூன்று காபிக் கடைகள் வைத்திருப்பவருக்கு அவள் அண்ணன் சூட்டிய பெயர் அது.

அவருக்குக் காட்ட வேண்டியது கெய்ஷா. சொற்பமாகக் காய்க்கும் காபி ரகம். பெயரைக் கேட்டாலே காபிப் பிரியர்கள் வரிசையில் நிற்கிற காலம். ஒரு தோட்டக்காரர் நூறே நூறு கிராம் மாதிரி அனுப்பியிருந்தார். மூணுகடைக்காரருக்குப் பிடித்துவிட்டால், தோட்டத்து விளைச்சல் முழுவதும் இவர்களின் காபி வறுக்கும் பட்டறைக்கு வரும். சொதப்பினால் தோட்டக்காரர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்.

கெய்ஷா பத்திரமாக அலமாரியில்தான் இருந்தது. எந்த டப்பாவில் என்பதுதான் தெரியவில்லை.

அந்தப் பட்டறையில் அண்ணி வைத்ததே சட்டம். பெயர் தெரிந்தால் நாக்கு பொய் சொல்லும் என்பது அவர் கட்சி. அதனால் ருசி பார்க்கும் நாளில் ஆறு ரகத்தையும் அவரே பொடித்து, ஒன்று முதல் ஆறு வரை எண் ஒட்டிவிடுவார். கொட்டையாக வைத்தால் கெய்ஷாவின் நீளமே காட்டிக் கொடுத்துவிடுமே! எந்த எண் எந்த ரகம் என்ற சீட்டு அவர் கைப்பைக்குள் போய்விடும். இன்றும் விடிந்ததும் அதைச் செய்துவிட்டு, வெளியூரில் படிக்கும் மகளைப் பார்க்க விமானம் ஏறிவிட்டார். இறங்குவது பன்னிரண்டுக்கு. அதுவரை போன் அணைந்து கிடக்கும்.

வறுத்தவன் நீதானே, உனக்குத் தெரியாதா என்று அண்ணனைப் பிடித்து உலுக்கினாள்.

"வறுக்கிற வரைக்கும் என் ராஜ்ஜியம். பொடிச்சப்புறம் உங்க அண்ணி ராஜ்ஜியம். வேணும்னா மை போட்டுப் பார்ப்போமா?"

"கொன்னுடுவேன்."

யாரிடமும் சொல்லாத பயம் ஒன்றும் அவளுக்குள் இருந்தது. இரண்டு வருடமாக அண்ணி 'மல்லிகை வாசம் வருது பாரு' என்றால் இவளும் தலையாட்டி வந்திருக்கிறாள். வாசம் நிஜமாகவே வந்ததா, அண்ணி சொன்னதால் வந்ததா? அவளுக்கே தெரியாது.

இன்றைக்கு எடுத்துச் சொல்ல ஆளில்லை. நாக்கு மட்டும்தான்.

ஆறு கிண்ணங்களின் அடியில் எண் ஒட்டி, பொடி போட்டு, வெந்நீர் ஊற்றினாள். நாலு நிமிடம் கழித்து நுரையை ஒதுக்கி, கரண்டியால் உறிஞ்சினாள். இரண்டாம் கிண்ணம் அமர்க்களம். வெல்லப்பாகு மாதிரி நின்றது. ஐந்தாவது வெறும் வெந்நீர்தான். இரண்டுதான் என்று அண்ணனும் சத்தியம் பண்ணினான். சர்க்கரை இல்லாமல் காபி குடிக்காதவன் சத்தியம்.

சரி, இரண்டு என்று எழுதிவிட்டுக் கரண்டியைக் கழுவப் போனவள், கைப்பழக்கத்தில் இன்னொரு சுற்று வந்தாள். கிண்ணங்கள் ஆறியிருந்தன. இரண்டு அப்படியே இருந்தது. ஐந்தில் வாய் வைத்தவள் நின்றுவிட்டாள்.

பூ. அதன் பின்னாலேயே ஆரஞ்சுத் தோலைக் கிள்ளின மாதிரி ஒரு வாசம்.

பதற்றத்தில் நாமாகக் கற்பனை செய்கிறோமோ? சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, கிண்ணங்களை இடம் மாற்றச் சொன்னாள். மூணு சீட்டுக்காரன் மாதிரி அண்ணன் சுழற்றினான். வாசம் வந்த கிண்ணத்தை எடுத்து அடியைப் பார்த்தாள். ஐந்து. மறுபடி சுழற்றினான். ஐந்து. மூன்றாம் தடவையும் அதே ஐந்து வந்தபோது அண்ணன் கேலியை நிறுத்திவிட்டான்.

வாசலில் கார் வந்து நின்றது.

உண்மையைச் சொல்லாதே, தைரியமாக நீட்டு என்று அண்ணன் காதைக் கடித்தான். அவள் கேட்கவில்லை. சீட்டு விமானத்தில் இருப்பதை மூணுகடைக்காரரிடம் அப்படியே சொன்னாள்.

"அஞ்சாவதுதான் கெய்ஷான்னு என் நாக்கு சொல்லுது சார். தப்பா இருந்தா நானே உங்களுக்கு போன் பண்ணிச் சொல்லிடுறேன்."

அவர் ஐந்தைக் குடித்தார். கொஞ்சம் இருந்து இன்னொரு வாய். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"எல்லா இடத்திலயும் பேரைச் சொல்லிட்டுத்தான் கப்பை நீட்டுறாங்க," என்றார். "நான் ரசிச்சது காபியையா, பேரையான்னு எனக்கே சந்தேகம். பன்னிரண்டு வரைக்கும் நானும் இருக்கேன்மா."

பன்னிரண்டு பதினெட்டுக்கு அண்ணி போனில் கிடைத்தார்; எல்லாருக்கும் கேட்க ஸ்பீக்கரில் போட்டாள். பெட்டி இன்னும் வரவில்லை என்று ஆரம்பித்தவரை நிறுத்தி, சீட்டு, சீட்டு என்று சின்னவள் கத்த, கைப்பையைத் துழாவும் சத்தம் கேட்டது. சாவியாம். சீப்பாம். போன வருடத்து மருந்துச் சீட்டாம்.

"இதோ. கெய்ஷா அஞ்சு. ஏன், என்னாச்சு?"

சின்னவள் கொட்டை மூட்டை மேல் உட்கார்ந்தாள். காலையிலிருந்து அப்போதுதான் உட்காருகிறாள். மூணுகடைக்காரர் வாய்விட்டுச் சிரித்து, தோட்டக்காரரிடம் பேசிவிடுங்கள், முழு விளைச்சலும் எனக்குத்தான் என்றார். அப்படியே, காத்திருந்த நேரத்தில் தான் விரும்பிக் குடித்த இரண்டாம் கிண்ணம் என்னவென்றும் கேட்டார்.

தினமும் வறுக்கிற சாதாரணக் கொட்டை என்றார் அண்ணி. வறுத்தவன் தான் என்று அண்ணன் இல்லாத காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். இனி ஒரு வாரத்துக்கு அவனோடு காலம் தள்ள முடியாது.

"அது சரி, நான் இல்லாம எப்படிக் கண்டுபிடிச்ச?" என்றார் அண்ணி, நடந்ததைக் கேட்டுவிட்டு.

"ஆற விட்டேன் அண்ணி," என்றாள் சின்னவள். ஐந்தாம் கிண்ணத்தில் மிச்சமிருந்ததை எடுத்து, சொட்டு விடாமல் குடித்தாள்.