குழாய்க்குள் போன துணி

எங்கள் முதல் ராக்கெட் கிளம்பிய நாற்பதாவது நொடியில் கடலில் விழுந்தது. அன்று சாயங்காலம் கருவிப்பெட்டியை ஒழுங்குபடுத்தும்போதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எரிபொருள் குழாய்களைப் பொருத்தும்போது தூசி புகாமலிருக்க அவற்றின் வாயில் துணி அடைத்து வைப்பேன். எடுத்துப்போனது இரண்டு துணி. பெட்டியில் ஒன்றுதான் இருந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. பயம். உடைந்த பாகங்களைக் கடல் விழுங்கிவிட்டது. குழாயின் பற்றவைப்பு, அதாவது வெல்டிங், விட்டுப்போயிருக்க வேண்டும் என்று விசாரணைக் குழு ஊகித்து எழுதியது. பற்றவைத்தவர் என் தங்கையின் கணவர். அவருக்கு வேலை போயிற்று. தெருமுனைப் பட்டறையொன்றில் வாசல் கேட்டும் ஜன்னல் கம்பியும் பற்றவைக்கப் போனார்.

"ராக்கெட்டத்தான் கவுத்தீங்க, கேட்டாவது நிக்குமா?" என்று வருகிறவர்கள் கேலி செய்வார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். நான் செருப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

நான்கு வருஷம் கழித்து அடுத்த ராக்கெட் ஏறியது. எங்கள் முதல் செயற்கைக்கோள் பூமியைச் சுற்ற ஆரம்பித்தது. கட்டுப்பாட்டுக் கூடமே கூச்சலிட்டது. இயக்குநர் என்னைக் கட்டிக்கொண்டு, "உன் கை ராசியான கைய்யா!" என்றார். எனக்கு அங்கே இருப்புக் கொள்ளவில்லை. நேரே பட்டறைக்குப் போனேன்.

"மாப்பிள்ளை, அன்னைக்கு உங்க பத்தவைப்பு விடல. நான்தான் குழாய்க்குள்ள துணிய விட்டுட்டேன்."

அவர் முகக்கவசத்தைக் கழற்றினார். "எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே."

சாத்தியிருந்த கேட்டை ஒருமுறை தட்டினார். பிறகு, "ஒவ்வொரு கேட்டையும் முடிச்சிட்டு சுத்தியலால தட்டித் தட்டிப் பாக்கறேன், மச்சான். நாலு வருஷமா என் கைய நானே நம்பல" என்றார்.

"என்னை மன்னிச்சு..."

"அதெல்லாம் வேணாம். போய் எழுதிக் குடுங்க. உங்க தங்கச்சிகிட்டயும் நீங்களே சொல்லுங்க."

மறுநாளே எழுதிக் கொடுத்தேன். என்னைக் கிடங்குக்குத் தூக்கிப் போட்டார்கள். அவரைத் திரும்பக் கூப்பிட்டார்கள். நாலு நாள் யோசித்துவிட்டுப் போனார். இப்போது அவரே பற்றவைப்புப் பிரிவுக்குத் தலைவர். எதிர்ப்பட்டால் நலம் விசாரிப்பார், அவ்வளவுதான்.

தங்கைதான் பேசுவதில்லை. நான் சொல்லி முடித்ததும், "அவர் நைட்டெல்லாம் தூங்காம உக்காந்திருந்தப்ப, பக்கத்துல உக்காந்து ஆறுதல் சொன்னியே அண்ணே" என்றாள். அதுதான் அவள் கடைசியாகச் சொன்னது.