ஷாஹின் வண்டியின் பின்விளக்கு

நசீர் பாயைக் குளிப்பாட்டி, கஃபன் துணி சுற்றி, முகத்தை மட்டும் திறந்து கூடத்தில் கிடத்தியிருந்த நேரத்தில், கீழே தெருவிலிருந்து அவருடைய குரலே கேட்டது.

"இன்னாடா பண்ணி வச்சிக்கீறானுங்க? டேய், இதுவாடா ஷாஹினு?"

யாசீன் ஓதிக்கொண்டிருந்த பெண்கள் சட்டென்று நிறுத்தினார்கள். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். மகள் நவ்ரீன் மட்டும் அத்தாவின் முகத்தைப் பார்த்தாள். உதடு இறுக ஒட்டிக் கிடந்தது. விடிகாலையில் போன் வந்ததிலிருந்து நெஞ்சுக்குள் திரண்டிருந்த அழுகை அந்தக் குரலைக் கேட்டதும் போன இடம் தெரியவில்லை. வந்தது கோபம்தான். செத்தும் இந்த மனுஷன் வாயை மூடவில்லையே என்று நினைத்தாள். நினைத்ததற்காக அவளுக்கு வெட்கமும் வரவில்லை.

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். ஷாஹின் கார் கிளப் ஆட்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் எண்ணூர் நெடுஞ்சாலையில் கடலைப் பார்த்து வண்டிகளை வரிசையாக நிறுத்தி, பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, டீயும் வம்புமாகப் பொழுதைப் போக்குகிற கூட்டம். ஒருத்தன் போனை உயர்த்திப் பிடித்திருக்க, மற்றவர்கள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். தலைவர் நசீருக்கு அவர்கள் செய்கிற மரியாதை அது. ஊரையே சிரிக்க வைத்த அவருடைய வாய்ஸ் மெசேஜைப் போட்டுக் கேட்பது.

"பின்னாடி ரெண்டு வட்ட லைட்டு கீது பாரு, அத்த வச்சித்தான் மாமு ஷாஹினு. எண்ணூர் ரோட்டுல, லாரிங்க நடுவுல, பனியில, எவ்ளோ தூரத்துல போனாலும் சொல்லிடுவேன், முன்னாடி போறது ஷாஹினுன்னு. அத்தப் புடுங்கிட்டு, இந்த மூலையிலேர்ந்து அந்த மூலை வரிக்கும் ஒத்தைக் கோடு இழுத்து வச்சிக்கீறானுங்க. வரைஞ்சவனை வுடு. அவன் கையில பென்சிலு குடுத்தான் பாரு, அவனைச் செருப்பால அடிக்கணும். மாமு, இந்த லைட்டுக்குப் பின்னாடி உசுரோட எவன்டா போவான்?"

கடைசி வரிக்குக் கீழே சிரிப்பு எழுந்தது. சிரித்த வாயோடு இரண்டு பேர் அழ ஆரம்பித்தார்கள்.

அந்தக் கோட்டை இழுத்தவள் நவ்ரீன்.

நசீருக்குப் பழைய வண்ணாரப்பேட்டையில் பெயிண்ட் கடை. கீழே கடை, மேலே வீடு. கடைக்குப் பக்கத்துச் சந்தில் மூன்றாவது கையாக வாங்கிய ஷாஹின். இரண்டே கதவு, தரையோடு தரையாகப் பதுங்கின உடம்பு, பக்கத்தில் போனால் வயிற்றுக்குள் அதிர்கிற இன்ஜின். கல்யாணத்துக்குக்கூட அவர் அவ்வளவு பாலிஷ் போட்டுக்கொண்டதில்லை என்பாள் அவர் மனைவி சபீஹா. வண்டியைக் கழுவும்போது மகளைக் கூட வைத்துக்கொள்வார். டப்பாவில் விலை குறிக்கிற தடிப் பென்சிலைக் காதிலிருந்து எடுத்துச் சின்னப் பெண்ணான அவள் கையில் கொடுத்து, "வரை பாக்கலாம்" என்பார். கடையின் பின்சுவர் முழுக்க அவள் வரைந்த கார்கள்தான். வட்டம் சரியாக வராத வயசு. அதனால் எல்லாக் காருக்கும் பின்னால் ஒரே நீளக் கோடு. மீந்துபோன சிவப்பு பெயிண்டைத் தொட்டு இழுத்தது.

பெண் பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்பி கார் வரையவா படிக்க வைப்பார்கள் என்று சொந்தக்காரர்கள் கேட்டபோது, "உங்க வூட்டுல இன்னா, சமோசா வரையறாளா?" என்று கேட்டவர் நசீர். அவர் அனுப்பினார். அவள் படித்தாள். ஷாஹினைத் தயாரிக்கிற கம்பெனியிலேயே வேலையும் கிடைத்தது. புது ஷாஹின் வேலை நடப்பதை வெளியில் மூச்சுவிடக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள். வண்டி வெளியாகிற அன்றைக்கு நேரில் வந்து, அத்தா பக்கத்தில் உட்கார்ந்து, பின்பக்கத்தைக் காட்டி இது நான் போட்டது என்று சொல்ல வேண்டும் என்று இருந்தாள். அதற்கு முன்னால் படம் கசிந்துவிட்டது. அத்தாவின் வாயும் திறந்துவிட்டது.

நாட்டில் இருக்கிற கார்ப் பைத்தியங்கள் எல்லாம் ஏற்கெனவே கரித்துக் கொட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் அவர்களுக்கு இப்படி ஒரு குரல் கிடைக்கவில்லை. நசீரின் பேச்சுக்கு ஒருவன் தாளம் சேர்த்தான். ஒருவன் அந்தக் கடைசி வரியை ஸ்டிக்கராக அடித்து விற்றான். ஆபீசில் மீட்டிங் வைத்து அதைப் போட்டார்கள். வெளிநாட்டிலிருந்து வந்திருந்த டிசைன் தலைவர் நவ்ரீன் பக்கம் திரும்பி, இது உன் ஊர்ப் பேச்சாமே, வரிக்கு வரி சொல் என்றார். அத்தனை பேர் நடுவில் நின்று, தன் அத்தா தன்னைத் திட்டியதைத் தானே மொழிபெயர்த்தாள். செருப்பை மட்டும் 'கண்டிக்க வேண்டும்' என்று மாற்றினாள். பேசுகிறவர் யார் என்று சொல்லவில்லை. அன்றைக்குப் பிறகு அவள் வீட்டுக்கு வரவில்லை. பெருநாளைக்கும் வரவில்லை. போனில் கேட்டால் வேலை என்றாள். காரணம் அம்மாவுக்கு மட்டும் தெரியும். அத்தாவிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தாள்.

இப்போது அந்த அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவள் கையைப் பிடித்தாள்.

"ஒரு வார்த்தை சொல்லிடும்மா. மாப்பு பண்ணிட்டேன்னு. தூக்கறதுக்குள்ள சொல்லிடு."

"அவருக்கு இப்போ கேக்காதும்மா."

"கேக்க வேண்டியவனுக்குக் கேக்கும். மனுசங்க மாப்பு குடுக்காம அல்லா குடுக்க மாட்டான். அந்தப் பாரத்தோட அவரை அனுப்பாத."

நவ்ரீன் மனசுக்குள் அந்த மன்னிப்பு வார்த்தையை நோக்கி நடக்க ஆரம்பித்திருந்தாள். அவருக்குத் தெரியாதே. எவனோ ஒருத்தன் என்று நினைத்துத்தானே திட்டினார். தெரிந்திருந்தால் நாக்கைக் கடித்துக்கொண்டிருப்பார். இத்தனை மாதமாக அவள் பிடித்துக்கொண்டிருந்த ஒரே கயிறு அதுதான். அதைப் பிடித்துக்கொண்டே இந்த வார்த்தையையும் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. சொல்லலாம். அம்மாவுக்காகவாவது.

அப்போதுதான் அத்தாவுல்லா மாடிப்படியில் நின்று கூப்பிட்டார். நசீருக்கு உயிர்த் தோழர். கிளப்பில் இரண்டாவது ஆள். நவ்ரீன் எழுந்து படிக்கு வந்தாள்.

"வேலூர்லேர்ந்து உங்க பெரியத்தா வந்துட்டாரு கண்ணு. மஃரிபு தொழுகைக்குத் தூக்கிடலாம்." போகாமல் நின்றார். கண் சிவந்திருந்தது. "நீ மனசுல ஒண்ணு வச்சிகினு பேஜாராக்கீறன்னு எனக்குத் தெரியும். அத்தாவுக்கும் தெரியும்."

"இன்னா தெரியும்?"

"அந்த லைட்டு நீ போட்டதுன்னு."

அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"போட்டோ வந்தப்போ நான் கடையிலதான் ஒக்காந்துகினு இருந்தேன். ரொம்ப நேரம் பாத்துகினே இருந்தாரு. அப்புறம் என்னைப் பின்னாடி இட்டுகினு போய் செவுத்தைக் காட்டுனாரு. 'இந்தக் கோடுதாண்டா அது. என் பொண்ணு கைடா'ன்னாரு."

"தெரிஞ்சேதான் அப்படிப் பேசினாரா, மாமு?"

"புடிக்கலியேம்மா அவருக்கு. இன்னா பண்ணுவாரு? 'பொண்ணு போட்டதுன்னு நல்லாக்கீதுன்னு சொன்னா, நான் இதுவரிக்கும் பேசுனது எல்லாமே பொய்யாப் பூடும்'னாரு. பென்சிலு குடுத்தவனை அடிக்கணும்னு சொன்னது யாரை? தன்னைத்தான். நீ கோவமா வருவ, சட்டையைப் புடிச்சி சண்டை போடுவன்னு பாத்துகினே இருந்தாரு. பெருநாளன்னிக்குக் காலையிலேர்ந்து வாசல்லதான் நின்னாரு. நீ வரல."

ஆறுதல் சொல்லிவிட்டதாகத்தான் அவர் நினைத்தார். பெரிய பாரத்தை இறக்கி வைத்தவர் போலத் தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

நவ்ரீனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தெரியாமல் செய்ததை விட்டுத் தள்ளலாம். தெரிந்தே செய்திருக்கிறார். தன் பெண் என்று தெரிந்தே, ஊர் உலகத்துக்கு முன்னால் நிறுத்தி வைத்து அடித்துவிட்டு, அவள் வந்து சண்டை போடுவாள் என்று வாசலில் போய் நின்றிருக்கிறார். ஒரு போன் போட்டு எனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லியிருந்தால் போதாதா? வாய் மட்டும் அவ்வளவு நீளமே, அந்த ஒரு வார்த்தைக்கு அது எங்கே போனது? தொண்டை வரைக்கும் வந்திருந்த மாப்பு அப்படியே கீழே இறங்கிவிட்டது. கூடத்துக்குத் திரும்பினாள். அம்மா நிமிர்ந்து பார்த்தாள். இவள் தலையை ஆட்டினாள், இல்லை என்று.

"என்னா சொன்னாரு அத்தாவுல்லா?"

"ஒண்ணும் இல்ல. நேரமாச்சுன்னாரு."

கீழே வேறொரு சத்தம் கிளம்பியது. காசிமேட்டில் விசைப்படகு வைத்திருக்கிற ஞானதுரை, செய்தி கேட்டுக் காலையிலேயே தன் வண்டியில் வந்திருந்தான். அவன் வண்டி அண்மையில் விற்பனைக்கு வந்த புது ஷாஹின். அதை வாங்கின குற்றத்துக்காக அவனைக் கிளப்பை விட்டே நசீர் விலக்கியிருந்தார். வந்தவன் கடை வாசலில் நிறுத்த, அதற்குப் பிறகு வந்த பைக்குகளும் ஆட்களும் தெருவை அடைத்துவிட, வண்டி மாட்டிக்கொண்டது. உடலை வைத்துத் தூக்குகிற சந்தூக்கு போவதற்கு இடமில்லை.

"உன்னை எவன்டா இந்த கலீஜைக் கொண்டாந்து இங்க நிறுத்தச் சொன்னது?" ஒருத்தன் ஞானதுரையின் சட்டையைப் பிடித்துவிட்டான். "பாயை வெறுப்பேத்தணும்னே கொண்டாந்தியா?"

"பாயைப் பாக்கத்தான்பா வந்தேன். என்கிட்ட கீறது இந்த வண்டிதான். நான் இன்னா பண்ண?"

"பின்னாடி எடுறா."

"பின்னாடி அத்தினி பைக்கு கீது. எப்டி எடுப்பேன்?"

இன்னொருத்தன் டயரை எட்டி உதைத்தான். மையத்து வீட்டு வாசல் என்பது யாருக்கும் நினைவில்லை. கடைசியில் நவ்ரீனின் அண்ணன் அஃப்ரித் நடுவில் புகுந்து, வண்டி சந்தூக்குக்கு முன்னால் மெயின் ரோடு வரைக்கும் போகட்டும், வேறு வழியில்லை என்று முடித்து வைத்தான்.

உடலைப் போர்வையோடு தூக்கிக் குறுகின படியில் இறக்கினார்கள். இறக்குவதற்கு முன் கடைசியாக முகம் பார்க்கக் கூப்பிட்டபோது நவ்ரீன் போனாள், பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் விலகினாள். சபீஹா அவளை அப்போது பார்த்த பார்வையை வேறு யாராவது பார்த்திருந்தால் பயந்திருப்பார்கள். கீழே சந்தூக்கில் வைத்துப் பச்சைத் துணி போர்த்தினார்கள். அஃப்ரித் கூட்டத்தைப் பார்த்து நின்றான்.

"எங்க அத்தாவுக்கு வாய் நீளம். எல்லாருக்கும் தெரியும். அந்த வாயால உங்கள்ல யார் மனசாவது நொந்திருந்தா, அல்லாவுக்காக அவரை மாப்பு பண்ணிடுங்க."

"மாப்பு பண்ணிட்டோம்" என்றது கூட்டம் ஒரே குரலாக. அது அடங்கின பிறகு, காரின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்ற ஞானதுரை தனியாகச் சொன்னான்: "நானும் பண்ணிட்டேன் பாய்." அவன் சட்டையில் இரண்டு பட்டன் இல்லை.

மாடியில் சபீஹா மகளின் மணிக்கட்டை அழுத்திப் பிடித்திருந்தாள். பிடி வலித்தது. நவ்ரீன் வாயைத் திறக்கவில்லை. கீழே தூக்கிவிட்டார்கள். சபீஹாவின் பிடி தானாகத் தளர்ந்தது. அவள் போய், உடல் கிடந்த இடத்தில், ஈரம் காயாத தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

நவ்ரீன் ஜன்னலுக்குப் போனாள். இருட்டத் தொடங்கியிருந்தது. முன்னால் வண்டி நகர்ந்தது. அதன் பின்னால் சந்தூக்கு. கிளப் ஆட்கள் தோள் மாற்றித் தோள் கொடுத்தபடி போனார்கள். ஞானதுரை பயந்து பயந்து ஓட்டினான். ஆள் குறுக்கே வரும்போதெல்லாம் பிரேக்கை மிதித்தான். ஒவ்வொரு தடவையும் அந்தக் கோடு இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும் சிவந்து எரிந்தது. இத்தனை நாளில் அதை அவள் இவ்வளவு உயரத்திலிருந்து, இப்படி ஒரு தெருவில் பார்த்ததில்லை. பச்சைத் துணி ஒவ்வொரு தடவையும் கறுத்துத் தெரிந்தது. வண்டி நின்றால் அத்தாவும் நின்றார். வண்டி போனால் போனார்.

"தெரு முனைக்குப் போய்ட்டாங்களா?" என்று உள்ளேயிருந்து சபீஹா கேட்டாள்.

"இல்லம்மா." நவ்ரீன் தெருவிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "அந்த லைட்டுக்குப் பின்னாடி போய்கினு கீறாரு."



முனையில் லாரிக்கு வழிவிட வண்டி நின்றது. தோள் கொடுத்தவர்களும் நின்றார்கள். லாரி போய் முடிகிற வரைக்கும் கோடு அணையாமல் எரிந்தது. பிறகு வண்டி திரும்பியது, சந்தூக்கும் திரும்பியது. மூடிய கடை ஒன்றின் ஷட்டரில் கொஞ்ச நேரம் சிவப்பு இருந்தது.