சீமாட்டியின் மூன்று உதைகள்

லாயத்தில் அவருக்கு ரேடியோ என்று பெயர். வாய் ஓயாத மனிதர். சாணம் அள்ளும்போதும் பேச்சு, பிடரி வாரும்போதும் பேச்சு. வீட்டில் மனைவி உப்பைக் கூட்டிப் போட்டதிலிருந்து குழாய் ஒழுகுவது வரை குதிரைகளிடம் ஒப்பித்துவிட்டுத்தான் மறுவேலை. மனைவி கண்ணை மூடி நான்கு மாதமாகிறது. பட்டப்பெயர் மட்டும் மிச்சம், ரேடியோ நின்றுபோய்விட்டது.

அந்த நான்கு மாதத்தில் சீமாட்டி அவரை மூன்று முறை உதைத்துவிட்டாள். ஆறு வருடமாக அவர் கையால் தின்கிற பெட்டைக் குதிரை. மூன்றாவது உதையில் தொடை வீங்கி, நொண்டிக்கொண்டு நடந்தார்.

"திமிர் ஏறிப்போச்சு அதுக்கு," என்றார் முதலாளியம்மா. "சவாரி கத்துக்க வர்ற எடம் இது. இன்னொரு தடவ ஒதச்சா வித்துடுவேன்."

ரேடியோ தலையாட்டினார். இவளும் போய்விட்டால் தனக்கென்று யாரும் இல்லை என்று நினைத்தார். கூடவே கோபமும் வந்தது. சோறு போட்ட கையையா உதைப்பது?

மறுநாள் காலை லாடம் அடிப்பவன் வந்தான். ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி சீமாட்டியின் காலைக் கேட்டான். அவளும் நல்ல பிள்ளையாகத் தூக்கிக் கொடுத்தாள். ரேடியோவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாளியை எடுக்க அவள் பின்னால் போனார். அவ்வளவுதான், அவள் காலை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு சுவரோடு ஒட்டினாள்.

"பாத்தியா, என்கிட்டதான் கொழுப்பக் காட்டுவா."

"இது கொழுப்பு இல்லண்ணே. திமிர் புடிச்ச குதிரை காதப் படிய வெச்சு, எங்க அடிக்கலாம்னு பாத்து அடிக்கும். இவளப் பாருங்க. வெள்ள முழி தெரியுது, வால இடுக்கிட்டு நடுங்குறா. இது பயம்."

"என்னப் பாத்தா? ஆறு வருஷமாச்சு."

அவன் சுத்தியலைக் கீழே வைத்தான். "நீங்க பின்னால வந்து நின்னது எனக்கே தெரியலண்ணே."

குதிரையின் பின்னால் போகும்போது குரல் கொடு. லாயத்துக்குள் கால் வைக்கும் எல்லோருக்கும் முதல் நாளே ரேடியோ சொல்லிக்கொடுக்கும் பாடம் அது. சதா பேசிக்கொண்டே இருந்தவர் என்பதால், தானும் அதைக் கடைப்பிடிக்க வேண்டியவர் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. வைக்கோல் மேல் ரப்பர் செருப்போடு நான்கு மாதமாகத் திருடனைப் போல வந்துபோயிருக்கிறார்.

லாடம் அடித்தவன் போனபின் தடுப்புக் கதவருகே நின்றார். சீமாட்டி முதுகைக் காட்டி நின்றிருந்தாள். எதைச் சொல்வது? அவருக்குத் தெரிந்த கதையெல்லாம் வீட்டுக் கதை. இரண்டு முறை தொண்டையைச் செருமினார்.

"சீமாட்டி... வீட்டுல..." குரல் நின்றது. "வீட்டுல இப்ப யாரும் இல்லடி. அவ போயிட்டா. ஒங்கிட்ட நான் சொல்லவே இல்ல பாரு."

ஒரு காது அவர் பக்கம் திரும்பியது.

பேசிக்கொண்டே உள்ளே போனார். ஆஸ்பத்திரியைச் சொன்னார். உப்புப் போடவே மறந்துவிடுகிற தன் சமையலைச் சொன்னார். அவள் பின்தொடையில் கை வைத்தார். அவள் கால் தரையிலேயே இருந்தது. அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது. ஆனாலும் பேச்சை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவள் பயந்துவிடுவாள்.