குழாயின் மேல் ஓர் அம்புக்குறி

நீளவாக்கில் இரண்டாகப் பிளந்த குழாயின் முன் மூன்றாவது நாளாக உட்கார்ந்திருந்தேன். உள்ளே, ஏரியின் அடியிலிருந்து எடுத்த ஒரு மீட்டர் சேறு. குழாயின் மேல் போட்ட அம்புக்குறி காட்டும் மேல்முனை நேற்றைய ஏரி, அடிமுனை நூறு வருடத்துக்கு முந்தையது. ஆனால் கணக்கு உதைத்தது. ஈயம் அடியில்தான் அதிகம், மேலே வர வரச் சுத்தம். கரையில் தொழிற்சாலை வந்தே நாற்பது வருடம்தான் ஆகிறது. "வெள்ளிக்கிழமை வரைக்கும் பாரு. சரியா வரலேன்னா இந்தக் குழாயைத் தூக்கிப் போட்டுடலாம்" என்று என் ஆராய்ச்சி வழிகாட்டி மேடம் சொல்லிவிட்டார். என்னிடம் இருந்ததோ இந்த ஒரு குழாய். என் இரண்டு வருட ஆராய்ச்சி அதற்குள்தான் படுத்திருந்தது.

இன்று வெள்ளிக்கிழமை. பக்கத்து மேசைக்காரன், எதையும் இரண்டு முறை எடை போடுவதால் 'தராசு' என்று பெயர் வாங்கியவன், ஈயம் அளக்கும் கருவியைத் திட்டிக்கொண்டிருந்தான். நான் சேற்றின் நடுவே வெளுத்துத் தெரிந்த பட்டையைப் பார்த்தேன். ஏதோ ஒரு வருடத்து வெள்ளம் கொண்டுவந்து போட்டது. விரலால் தடவினேன். கீழே மாவு மாதிரி வண்டல், மேலே நறநறவென்று மணல். தூக்கிவாரிப் போட்டது. வெள்ளம் வடியும்போது மணல்தானே முதலில் அடியில் உட்காரும்?

"டேய், இது தலைமாடு கால்மாடு மாறிக் கிடக்குடா. அம்புக்குறி தப்பு."

"எந்தப் புண்ணியவான் போட்டது?"

படகில், கொட்டுகிற மழையில், பேனா மூடியைப் பல்லில் கடித்தபடி...

"நான்தான்."

"அடிப்பாவி!"

வெட்கத்தையும் மீறிச் சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. எண்களை அப்படியே கவிழ்த்து வரைந்தோம். நாற்பது வருடத்துக்கு முன்புவரை சும்மா கிடந்த ஈயம், அங்கிருந்து படிப்படியாக ஏறியது. தராசு இரண்டாம் முறையும் சரிபார்த்தான்.

மேடம் மசியவில்லை. "உனக்கு வேணுங்கற மாதிரி திருப்பி வச்சுக்கிட்டா ஆச்சா?"

"இந்த மாதிரி நாலு வெள்ளப் பட்டை இருக்கு மேடம். நாலுமே தலைகீழாத்தான் இருக்கு." ஒரு பட்டையிலிருந்து கொஞ்சம் சுரண்டி, ஜாடித் தண்ணீரில் போட்டுக் குலுக்கி, அவர் மேசையில் வைத்தேன். "நீங்களே பாருங்க. தப்பு என்னோடது. ஏரியோடது இல்ல."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். மணல் ஏற்கெனவே அடியில் உட்கார்ந்துவிட்டது. அதன் மேல் வண்டல் நிதானமாக இறங்கிக்கொண்டிருந்தது. வெகுநேரம் பார்த்தார்.

"குழாயை எடுத்துட்டு வா" என்றார். "பேனாவும்."

பழைய அம்புக்குறியைக் குறுக்கே அடித்தேன். புதியதைப் போட நான் குனிவதற்குள், தராசு எந்த முனை மேலே என்று இரண்டு முறை பார்த்துவிட்டான். ஜாடியில் தண்ணீர் மேலிருந்து தெளியத் தொடங்கியிருந்தது.