திரும்பி வந்த சம்மதம்

பின்னேரம் நான்கரை மணிக்குச் சர்மிளாவின் மின்னஞ்சல் திரும்பி வந்தது.

கொழும்பில் ஓர் ஆசிரியப் பயிற்சி நிலையம் அவளைத் தெரிவு செய்திருந்தது. சம்மதத்தை இன்று ஐந்து மணிக்குள் மின்னஞ்சலில் அறிவிக்க வேண்டும். தவறினால் இடம் அடுத்தவருக்கு. மறுபடி அனுப்பினாள். மறுபடி அதே வரி: இந்த ஐபி முகவரி தடை செய்யப்பட்டுள்ளது.

"என்னாண்ணே இது?"

ஹட்டன் டவுனில் இன்டர்நெட் கடை வைத்திருந்த சோலைமலை தலையைச் சொறிந்தான்.

"நல்லதண்ணி லொட்ஜ்காரரு சிவனொளிபாதமலை சீசனுக்கு வெளம்பரம் அனுப்பச் சொன்னாரு. கெடச்ச அட்ரஸுக்கெல்லாம் அனுப்பிவிட்டேன். அதான் போல."

"அதுக்கு என்னைய ஏன் தடுக்கிறாங்க?"

"கடைக்கே ஒரு நம்பர்தான் தங்கச்சி. இங்க யாரு அனுப்பினாலும் அங்க நான்தான்."

"அப்ப கீழ இருக்க நெட் கடைக்குப் போறேன்."

"அவனுக்கும் இங்கருந்துதான் வயர் போகுது."

கடைத் தொலைபேசியில் நிலையத்தை அழைத்தாள். கணினிப் பிரிவுக்குக் கொடுத்தார்கள். கஜதீபன் என்றார் எடுத்தவர். யாழ்ப்பாணப் பேச்சு.

"ஓம் பிள்ளை, அந்த முகவரியை நான்தான் மறிச்சனான். லொட்ஜுக்கு வாங்கோ, மலை ஏறுங்கோ எண்டு எங்கட பணிப்பாளருக்கே விடாமல் வந்துகொண்டிருந்தது."

"அத நான் அனுப்பல சார்."

"ஆர் அனுப்பினதெண்டு பிரிச்சுப் பார்க்கேலாது."

"அப்ப ஃபோன்லயே சொல்றேன், எழுதிக்கங்க. கந்தப்பன் சர்மிளா. சம்மதம்."

"எழுத்திலை வரவேணும். அதுதான் விதி."

தொலைபேசியை மறு காதுக்கு மாற்றினாள்.

"போன வருஷம் எங்க தோட்டத்து லயத்துல எவனோ தேயிலக் கொழுந்து திருடிட்டான் சார். தோட்டத்துத் தொர திருடின ஆளத் தேடல. லயத்துக்கே பேர் போடாதன்னு கணக்கப்பிள்ளைகிட்ட சொல்லிட்டாரு. மழையில நின்னு கொழுந்தெடுத்த எங்கம்மாவுக்கும் அன்னிக்குச் சம்பளம் இல்ல. நீங்க அந்தத் தொரகிட்டயா சார் கம்ப்யூட்டர் படிச்சீங்க?"

சோலைமலை சிரித்தான். அவள் திரும்பிப் பார்த்தாள். நிறுத்திக்கொண்டான்.

"கோவிக்காதேங்கோ பிள்ளை. தடையை எடுக்கலாம். விண்ணப்பம் ஒண்டு போடுங்கோ, இப்பவே பார்க்கிறன்."

"எங்க போடுறது?"

"எங்கட மின்னஞ்சலுக்கு. உங்கட கடையிலை இருந்தே வரவேணும். மறிச்ச முகவரிக்காரர்தானே கேட்கவேணும்."

சுவர்க் கடிகாரத்தில் ஐந்தாகப் பத்து நிமிடம் இருந்தது. சோலைமலை கீபோர்டை அவள் பக்கம் தள்ளினான். அவள் அதைத் தொடவில்லை.

"நீங்க மறிச்சு வச்சிருக்க எடத்துலருந்து அது எப்படி சார் உங்ககிட்ட வரும்?"