வெறுங்கையோட வாராவ

துடுப்பை ஒரு நிமிஷம் நிறுத்தினாலும் பருப்பு அடிபிடித்துவிடும். அதனால் ஜெமிமா நிறுத்தவில்லை. ஒரு காலை முன்னால் ஊன்றி, இரண்டு கையாலும் படகு வலிப்பது போல வலித்து வலித்துக் கிண்டிக்கொண்டிருந்தாள். மூன்று பேர் உள்ளே இறங்கிக் குளிக்கலாம், அத்தனை பெரிய அண்டா. கண்ணெல்லாம் எரிந்தது. புகையா அழுகையா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

இதே துடுப்பைப் பிடித்தபடிதான் காலையில் அப்பா சரிந்தார். ஆறு மணி இருக்கும். "உப்புப் பத்தல" என்றார். நெஞ்சில் கை வைத்தார். விறகுக் கட்டின் மேல் உட்கார்ந்தார். அவ்வளவுதான். ஆட்டோவில் போட்டுப் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள், போன வேகத்தில் திரும்பவும் கொண்டு வந்துவிட்டார்கள். இப்போது வீட்டு முன்னறையில், கட்டிலில், வெள்ளை வேட்டி மூடிக் கிடக்கிறார்.

ஞானக்கரை சபையில் இன்று அசனப் பண்டிகை. பத்து மணிக்கு ஆராதனை, ஒரு மணிக்கு ஊருக்கே சாப்பாடு. யார், எந்தச் சாமி கும்பிடுகிறவர் என்று கேட்பதில்லை, வந்து உட்கார்ந்தால் இலை உண்டு. மூவாயிரம் இலை. முப்பது வருஷமாக அந்த அடுப்புக்குத் தலைவர் அருமைநாயகம், ஜெமிமாவின் அப்பா.

"ஏட்டி, நீ வீட்டுக்குப் போ. நான் கிண்டுதேன்," என்றாள் முத்துராணி. வருஷா வருஷம் காய் வெட்ட ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வருகிறவள். அவளுக்குக் கோயில் வேறு, கொடைத் திருவிழா வேறு. அசனம் மட்டும் இதுதான். "பெத்த அப்பன் அங்கன கெடக்காவ. ஊரு என்ன சொல்லும்?"

"அம்மாதான் அனுப்பிச்சா. இங்கன ஒக்காந்து என்னத்தப் பண்ணப் போற, போயி அடுப்பப் பாருன்னுட்டா."

"ஒங்கம்மா ஞானப்பூ அழுதாளா?"

"இல்ல."

"ஒரு சொட்டு?"

"இல்லக்கா."

முத்துராணி கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஒரு பெருமூச்சு விட்டாள். "நீ கிண்டு."

அப்போதுதான் சபைச் செயலாளர் தவசிமுத்து அண்ணாச்சி வந்தார். புதுச் சட்டை, நெஞ்சில் பண்டிகைப் பூ. வந்தவர் முதலில் குனிந்து அண்டாவைத்தான் பார்த்தார்.

"நேரத்துக்கு ஆயிருமா?"

"ஆயிரும் அண்ணாச்சி."

"மனசத் தேத்திக்கோம்மா. நல்ல மனுசன். சாயங்காலம் நாலு மணிக்கு அடக்கம் வச்சிருக்கோம். வீட்டுலேருந்து நேரா கல்லறைத் தோட்டம்."

"நேரான்னா?"

அவர் செருப்பால் ஒரு விறகுத் துண்டை ஒதுக்கினார். "கோயிலுக்குள்ள பெட்டி வராது. மணியும் அடிக்க முடியாது. மூணு வருஷம் திருவிருந்து எடுக்கலைன்னாலே அது கெடையாதுன்னு கமிட்டி எழுதி வச்சிருக்கு. ஒங்கப்பா எடுத்து இருவத்திரெண்டு வருஷம் ஆச்சு. எனக்காவ ஒனக்காவ மாத்த முடியுமா?"

அந்தக் கதை ஊருக்கே தெரியும். இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்திய அசனத்தில், அப்போதிருந்த போதகர் ஜெபம் சொல்லி முடிக்கும் முன்பே அப்பா ஒரு பந்தி வைத்துவிட்டார். செங்கல் சூளைப் பிள்ளைகள் காலையிலிருந்து வாசலில் நின்றன, வாசம் வேறு அடித்தது, அவருக்குப் பொறுக்கவில்லை. ஜெபிக்காத சோற்றை எப்படிப் போடலாம் என்று கமிட்டி கூப்பிட்டுக் கேட்டது. "பசிக்குன்னு அதுக கேட்டதே ஜெபந்தான்வே" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தவர், அப்புறம் அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்துக்குக்கூடக் கோயில் படியேறவே இல்லை. அசனத்துக்கு மட்டும் வருவார். கோயிலுக்குப் பின்னால் அடுப்பு. அடுப்பைத் தாண்டி ஓரடி முன்னால் வர மாட்டார்.

"அவிய ஆக்குன சோறு பண்டிகைக்கு ஆவும், அவிய மட்டும் ஆவாதோ?" ஜெமிமாவின் குரல் உயர்ந்ததில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள்.

"கிரியை வேற, விசுவாசம் வேறம்மா. ஒங்கம்மாகிட்டயே கேளு. அவளே எத்தன தடவ எந்திரிச்சி நின்னு சாட்சி சொல்லியிருக்கா!"

அதுதான் சுருக்கென்று தைத்தது. ஏனென்றால் உண்மை.

மனுசன் நல்லது செய்து மோட்சம் வாங்க முடியாது, நம்பிக்கை ஒன்றே போதும் என்பது அம்மா. செய்யாத நம்பிக்கை என்னத்துக்கு, காயப்போட்டு அள்ளவா என்பது அப்பா. வேதத்தில் விசுவாசத்தை எழுதிய பவுலின் கட்சி என்று அம்மா தன்னைச் சொல்வாள், நற்கிரியையை எழுதிய யாக்கோபின் கட்சி என்று அப்பாவைக் கிண்டல் பண்ணுவாள். சாப்பிடும் முன்னால் அம்மா கண்ணை மூடி, "ஆண்டவரே, இவிய கண்ணத் தெறந்தருளும்" என்று ஜெபிப்பாள். அப்பா கண்ணை நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டே, "ஆமென், கொழம்ப ஊத்து" என்பார். இத்தனை வருஷமாக இரண்டு பேரும் ஒரு வார்த்தை விட்டுக்கொடுத்ததில்லை.

அண்ணாச்சி போன பிறகு ஜெமிமா தண்ணீர் டிரம்மைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள்.

"நாலு கொடம் ஊத்துனா எல்லா அடுப்பும் அணஞ்சிரும்க்கா. மூவாயிரம் எலையும் காயட்டும்."

"ஊத்து," என்றாள் முத்துராணி. "ஊத்திட்டு, சாப்பிட வாரவுகளுக்கு நீயே போயிச் சொல்லு, எங்கப்பா செத்தாவ, அதான் சோறு இல்லன்னு."

ஜெமிமா துடுப்பை அவள் கையில் திணித்துவிட்டு வீட்டுக்கு ஓடினாள்.

பெட்டி வந்திருந்தது. அப்பாவை அதில் வைத்திருந்தார்கள். சுற்றிலும் பெண்கள் கீர்த்தனை பாடிக்கொண்டிருக்க, ஞானப்பூ அவர் கால்மாட்டில் உட்கார்ந்து, குதிகாலில் ஒட்டியிருந்த அடுப்புச் சாம்பலை ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். ஜெமிமா அவள் காதில் எல்லாவற்றையும் கொட்டினாள். பெட்டி வராது, மணி கிடையாது, நேராகக் கல்லறை.

"பருப்பு வெந்துட்டா?" என்றாள் அம்மா.

"வெந்துட்டு."

"உப்பு?"

"போட்டேன். நான் சொன்னது காதுல விழுந்துச்சாம்மா?"

"விழுந்துச்சு."

இன்னொரு குதிகாலையும் துடைத்தாள். விரலிடுக்கையும் விடவில்லை. அம்மா சரி என்று சொல்லிவிடுவாள். சட்டம் சட்டந்தான் என்பாள். அப்படிச் சொல்லிவிட்டால் அப்புறம் இந்த வீட்டில் எப்படி இருப்பது?

ஞானப்பூ துணியை உதறி மடித்து வைத்தாள். எழுந்தாள். "வாட்டி."

கோயிலை ஒட்டிய சின்ன அறையில் போதகர் வெள்ளை அங்கி மாட்டிக்கொண்டிருந்தார். போன மே மாதம்தான் மாற்றலாகி வந்தவர், இளவயசு. இந்த ஊரில் போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவார்கள். சுற்றி அண்ணாச்சியும் கமிட்டிக்காரர்கள் மூன்று பேரும்.

"ஐயரே," என்றாள் ஞானப்பூ வாசலில் நின்றே. "போன ஞாயித்துக்கெழம என்ன பிரசங்கம் பண்ணுனீங்க?"

அவர் முழித்தார். "கிருபையப் பத்திம்மா."

"மனுசன் தான் செஞ்சது எதையும் தூக்கிட்டு ஆண்டவருகிட்டப் போவ முடியாதுன்னு சொன்னீங்கள்லா?"

"ஆமா."

"நான் ஆமென் சொன்னேன். நான் போட்ட சத்தத்துல தவசிமுத்து அண்ணாச்சி திரும்பிப் பாத்தாவ."

"ஞானப்பூ, இப்ப எதுக்கு அதெல்லாம்?" என்றார் அண்ணாச்சி.

"இருங்க அண்ணாச்சி. எங்க வீட்டுல முப்பது வருஷமா இதுதான் சண்ட. நான் ஒரு நாளும் தோத்ததில்ல. இன்னைக்கும் தோக்க மாட்டேன். அவிய ஆக்கிப் போட்டது, அடுப்புல வெந்தது, எல்லாத்தையும் தூக்கி அங்கிட்டு வைங்க. அதச் சொல்லி நான் எடம் கேக்க வரல. திருவிருந்து எடுக்கலங்கீங்க. சரி. கோயில் படி மிதிக்கலங்கீங்க. அதுவும் சரி. அவியகிட்ட காட்டுறதுக்கு ஒண்ணுமில்ல. வெறுங்கையோட வாராவ." அவள் குரல் ஓரிடத்தில் இடறி மறுபடி நிமிர்ந்தது. "அப்படி வாரவனுக்குத்தான கதவு தொறக்கும்னு சொன்னீங்க? அத நம்பித்தான நான் இத்தன வருஷம் அவியள வீட்டுல விட்டுட்டு ஒத்தையில வந்து ஒக்காந்தேன்? திருவிருந்து எடுக்கதும் ஒரு செய்கதான அண்ணாச்சி? என்ன செஞ்சான், என்ன செய்யலன்னு பாத்துத்தான் நீங்களும் கதவத் தொறப்பீங்கன்னா, எங்க சண்டையில அவியதான் ஜெயிச்சாவ. சொல்லுங்க. அவிய காதுல போயிச் சொல்லிட்டு வாரேன். சந்தோசமாப் போவட்டும்."

கமிட்டிக்காரர் ஒருவர் இருமப் போய் அடக்கிக்கொண்டார். ஜெமிமா அம்மாவையே பார்த்தாள். அழுக்குப் புடவை, கையில் சாம்பல். இந்த அம்மாவை அவள் இதுவரை பார்த்ததே இல்லை.

"சட்டம்னு ஒண்ணு இருக்கே ஐயரே," என்றார் அண்ணாச்சி. முன்பிருந்த சத்தம் இல்லை.

"இருக்கு அண்ணாச்சி. அடுத்த கமிட்டியில என்னைய எந்திரிச்சி நிக்கச் சொல்லிக் கேளுங்க, பதில் சொல்லுதேன்." ஐயர் அங்கியின் பித்தானைக்கூடப் போடாமல் ஞானப்பூவிடம் வந்தார். "நாலு மணி வரைக்கும் எதுக்கும்மா? பத்து மணி ஆராதனைக்கே கொண்டு வாங்க. அவரும் பண்டிகைக்குத்தான வந்தாரு."

சொன்னவர் நேராகக் கோபுரத்தடிக்குப் போய் மணிக்கயிற்றை அவிழ்த்தார். வயசுக்கு ஓர் அடி. அறுபத்தாறு அடி. முதல் அடி விழுந்ததும் அடுப்படியில் கத்திச் சத்தம் நின்றது. பட்டுப் புடவையும் மல்லிகையுமாகப் பண்டிகைக்கு வந்துகொண்டிருந்தவர்கள் தெருவில் அப்படியே நின்றார்கள். ஆற்றில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் தலை துவட்டுவதை விட்டுவிட்டு நிமிர்ந்தார்கள். யாருக்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆறாவது அடிக்கோ ஏழாவது அடிக்கோ ஞானப்பூ முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். ஜெமிமா பக்கத்தில் உட்கார்ந்து தோளோடு தோள் ஒட்டிக்கொண்டாள்.

தூக்கிவர ஆள் தேடவே இல்லை. மணி கேட்டதும் சமையல்காரர்கள் ஆறு பேர் அடுப்பைத் தணித்துவிட்டு வீட்டுக்கு ஓடியிருந்தார்கள். லுங்கியை இறக்கிவிட்டு, தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, அப்படியே தூக்கினார்கள். தெருவே பின்னால் வந்தது.

ஐயர் கோயில் கதவின் இரண்டு பக்கத்தையும் விரியத் திறந்து வைத்து நின்றார். பாடகர் குழுவுக்கு எந்தப் பாட்டு என்று தெரியவில்லை. பண்டிகைப் பாட்டைத்தான் பழகி வந்திருந்தார்கள். அதையே பாடினார்கள். கூரை ஓடு அதிர்கிற மாதிரி பாடினார்கள். அருமைநாயகம் இருபத்திரண்டு வருஷம் கழித்துப் படியேறினார்.

முத்துராணி வாசலோடு நின்றுவிட்டாள். ஞானப்பூ திரும்பி வந்து, அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போய் முதல் வரிசையில் உட்கார வைத்தாள்.

பெட்டியை இறக்கி வைத்துவிட்டு ஆறு பேரும் விலகினார்கள். வெள்ளைத் துணி போர்த்திய பெட்டியின் இரண்டு பக்கமும் கை கையாக மஞ்சள். பருப்பும் மஞ்சளும் நெய்யும், விரல் விரலாக, ரேகை தெரியும் அளவுக்கு. தவசிமுத்து அண்ணாச்சி பதறிப்போய்ச் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துக்கொண்டு குனிந்தார்.

ஞானப்பூ வேண்டாம் என்று தலையை மட்டும் அசைத்தாள்.

அண்ணாச்சி கைக்குட்டையை மடித்துத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டார்.