அரை லிட்டர்

டாக்டர் உரிமத்தைப் புதுப்பிக்க, பயிற்சி வகுப்புக்குப் போனால் தரும் பாயின்ட் இன்னும் ஆறு தேவைப்பட்டது. அதற்காகத்தான் தராசு டாக்டர் ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக அந்தப் பயிற்சி வகுப்புக்கு வந்திருந்தார். ஆபத்தான கர்ப்பங்களைக் கையாள்வது பற்றிய வகுப்பு. இருபத்தாறு வருஷமாக அதையே செய்துகொண்டிருப்பவருக்கு யார் வந்து என்ன சொல்லிக் கிழிக்கப் போகிறார்கள்? கையெழுத்துப் போட்டோமா, சாப்பிட்டோமா, நழுவினோமா என்று இருந்துவிடலாம் என்பதுதான் திட்டம். கையில் வாங்கிய குழந்தையின் எடையை மெஷினுக்கு முந்திச் சொல்லிவிடுவார் என்பதால் வந்த பட்டப்பெயர்தான் ‘தராசு’. அதில் அவருக்கு உள்ளூரப் பெருமையும் உண்டு.

மனசு முழுக்க மறுநாள் விசாரணையில்தான் இருந்தது. பிரசவ வார்டில் எல்லாரும் பெரியக்கா என்று கூப்பிடும் மூத்த நர்ஸ் மேல் அவர் எழுதிக் கொடுத்த புகார் அது. மூன்று வாரத்துக்கு முன் ஒரு நாள் காலை, இரட்டைக் குழந்தை பெற்ற பெண்ணுக்கு உதிரப்போக்கு நிற்கவில்லை. ஏற்கெனவே ரத்தசோகை வேறு. பெரியக்கா பதறினார். டாக்டர் ரத்தத்தில் நனைந்த விரிப்பை ஒரு பார்வை பார்த்தார். அரை லிட்டர்தான், ஊரைக் கூட்டாதீர்கள் என்று அதட்டிவிட்டு அடுத்த ஆபரேஷனுக்குப் போய்விட்டார்.

பெரியக்கா சும்மா இருக்கவில்லை. ரத்த வங்கிக்குப் போன் போட்டு, டாக்டர் கேட்டதாகப் பொய் சொல்லி இரண்டு பை வரவழைத்துவிட்டார். அதுவும் பற்றவில்லை. அடுத்தது வந்து சேர ஒரு மணி நேரம் ஆயிற்று. அந்தப் பெண் எப்படியோ பிழைத்தாள், ஆனால் பன்னிரண்டு நாள் தீவிர சிகிச்சையில் கிடந்தாள். டாக்டருக்கு அதெல்லாம் பெரிதாகப் படவில்லை. தன் பெயரை யாரைக் கேட்டுச் சொன்னாள் என்றுதான் கொதித்தார். புகார் நிரூபணமானால் பெரியக்காவுக்கு வேலை போய்விடும்.

சாப்பாட்டுக்குப் பிறகு நழுவ முடியவில்லை. கதவருகே ஆளை நிறுத்தியிருந்தார்கள். மேஜை மேல் ஐந்து விரிப்புகள், எல்லாம் சிவப்புச் சாயத் தண்ணீரில் நனைத்தவை. எதில் எவ்வளவு என்று பார்த்த மாத்திரத்தில் எழுத வேண்டும். நடத்தியவளுக்கு டாக்டரின் மகள் வயதுதான் இருக்கும். இதென்ன சின்னப்பிள்ளை விளையாட்டு என்று முணுமுணுத்தபடி டாக்டர் மளமளவென்று எழுதித் தள்ளினார். மூன்றாவது விரிப்பில் கை தானாக நின்றது. அன்றைக்குப் பார்த்த அதே நனைவு, ஓரம் வரை. அதற்கும் அரை லிட்டர் என்றே எழுதினார்.

வகுப்பு நடத்தியவள் அந்த மூன்றாவது விரிப்பை எடை பார்த்து, காய்ந்த விரிப்பின் எடையைக் கழித்தாள். ஆயிரத்து நூறு மில்லி. இன்னொரு தரம் போட்டுப் பாரம்மா என்றார் டாக்டர். மறுபடியும் அதேதான்.

“எல்லாரும் பாதியத்தான் எழுதுவாங்க மேடம். எத்தனை வருஷ அனுபவம் இருந்தாலும் கண்ணு ஏமாத்திடும்,” என்றாள் அவள், அடுத்த விரிப்பை எடுத்தபடியே.

டாக்டர் வராந்தாவுக்கு வந்துவிட்டார். வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயம் அதிகமாக இருந்தது. உண்மையை எழுதிக் கொடுத்தால் விசாரணை தன் பக்கம் திரும்பும். வாயை மூடிக்கொண்டால் பெரியக்காவின் வேலை போகும். அங்குமிங்கும் நாலு நடை நடந்துவிட்டு, பெரியக்காவுக்குப் போன் போட்டார்.

“புகாரை வாபஸ் வாங்கிடறேன் சிஸ்டர். அன்னைக்கு அளவை நான்தான் தப்பா சொன்னேன். நாளைக்கு எல்லார் முன்னாடியும் அதைச் சொல்லிடறேன்.”

அழுவார், நன்றி சொல்வார் என்று டாக்டர் எதிர்பார்த்தார். அந்தப் பக்கம் விழுந்துகொண்டிருந்த குழாய்த் தண்ணீரைப் பெரியக்கா நிறுத்தினார்.

“நாலு பை வேணும்னு எனக்கு அப்பவே தெரியும் டாக்டர்,” என்றார் பெரியக்கா. “நாலு கேட்டா நீங்க திட்டுவீங்கன்னு பயந்து, ரெண்டு மட்டும் கேட்டேன்.”